பிரிக்காத பொட்டலம்

அம்மணி கவிதாவுக்கு,

சுகமா என்று கேட்டுத்தான் கடுதாசியைத் தொடங்க வேண்டும். எனக்கு அதைக் கேட்கவே பயமாக இருக்கிறது. நீ சுகமாக இல்லை என்றால் காரணம் நான். சுகமாக இருக்கிறாய் என்றால் அந்தச் சுகத்தைக் கெடுக்கத்தான் இதை எழுதுகிறேன். கோயமுத்தூர் சட்டக் கல்லூரி விண்ணப்பத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். நேற்று பவானி ஊருக்குப் போன் போட்டு, நீ போய்த் தங்கியிருக்கிற உன் அத்தை வீட்டுக்குப் பக்கத்து ஜமக்காளக் கடையில் உன்னைக் கூப்பிடச் சொல்லிப் பேசியபோது, "ஃபாரத்தை நெரப்பி வெச்சுட்டனுங்க பெரியப்பா. பூ சொன்னபடியே செஞ்சுபோடறேன்" என்றாய். பின்னால் ஓடிக்கொண்டிருந்த தறிச் சத்தத்துக்கு நடுவில் உன் குரல் அவ்வளவு சமாதானமாக இருந்தது. அந்தச் சமாதானத்தைக் கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன்னால், அம்மன் கோயிலில் கேட்ட அந்தப் பூவைப் பற்றி நீ ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எட்டு ஊர்ச் சந்தையில் நின்று பேசுகிற வாய், போனில் "சரி சாமி, சரி சாமி" என்று வைத்துவிட்டது.

என் தொழிலே வாய்தான். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு தோட்டத்தில் நடப்பேன். அது எழுந்து நிற்கிற இடத்தில் தண்ணீர் இருக்கிறது என்று சொல்வேன். காரமடையிலிருந்து சத்தியமங்கலம் வரைக்கும் என் கால் படாத காடு கிடையாது. நாற்பது அடியில் தண்ணீர் என்று நான் சொன்ன இடத்தில் நானூறு அடியில் வந்திருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஒரு சைபர்தானே கூட. உன் அப்பன், என் தம்பி, தவறிப்போனபோது உனக்கு நாலு வயது. அழுத உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு, என் கையிலிருந்த தேங்காயைப் பார்த்து ஒரு யானை வழிவிட்டு ஒதுங்கிய கதையைச் சொன்னேன். அன்றைக்கு யானை ஒன்றுதான். நீ பள்ளிக்கூடம் போனபோது மூன்றாகிவிட்டது. பிளஸ் டூ முடிப்பதற்குள் ஒரு மந்தையே ஒதுங்கி நின்றது. நீ அதை நம்பவில்லை என்பது எனக்குத் தெரியும். "இப்ப எத்தனை யானைங்க பெரியப்பா?" என்று விளையாட்டுக்குக் கேட்பாய். ஆனால் கதையை நம்பாத நீ, நான் காட்டிய வழியில் மட்டும் மறுபேச்சு இல்லாமல் நடந்தாய். அதுதான் உனக்கு வினையாகிவிட்டது.

பெங்களூர் சட்டப் படிப்பு நுழைவுத் தேர்வுக்கு உன்னைக் கூட்டிப் போனவன் நான். "பெங்களூரா? அது எனக்கு நம்ம ஊர்ச் சந்தை மாதிரி" என்று கிளம்புவதற்கு முன் ஊரெல்லாம் சொன்னேன். அதற்கு முன் ஒரே ஒரு தடவை தேங்காய் லோடு லாரியில் போய், மண்டி வாசலில் இறங்கி, அதே வாசலில் ஏறித் திரும்பியவன். தேர்வன்று காலை சத்திரத்து வாசலில் ஆட்டோக்காரர் எங்கே போக வேண்டும் என்று கேட்டார். நீ ஹால் டிக்கெட்டை நீட்டினாய். நான் குறுக்கே கையை நீட்டித் தடுத்தேன்.

"அதுல அட்ரஸ் இருக்குதுங்க பெரியப்பா."

"அது ஆபீஸ் அட்ரஸ் அம்மணி. சட்டத்துக்குப் பரீட்சைன்னா கோர்ட்டுலதான் வெப்பாங்க. லைசென்ஸ் பரீட்சைய ஆர்.டி.ஓ. ஆபீசுல வெக்காம ஆஸ்பத்திரியிலயா வெப்பாங்க?"

"இல்லீங்க, அது ஊருக்கு வெளிய..."

"உன்ற பெரியப்பனுக்குத் தெரியாத பெங்களூரா? நீ ஏறு சாமி."

ஆட்டோ போய் அந்தச் சிவப்பு நிறக் கோர்ட்டுக் கட்டடத்து முன்னால் நின்றது. ஞாயிற்றுக்கிழமை. கேட்டில் பூட்டு. உள்ளே ஒரு போலீஸ்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். அப்போதும் நான், "பின்வாசல் இருக்கும்" என்றேன். நீ ஹால் டிக்கெட்டை ஆட்டோக்காரர் கையில் கொடுத்தாய். ஊரின் இன்னொரு கோடிக்குப் போய்ச் சேர்ந்தபோது தேர்வு தொடங்கி அரை மணி நேரம் ஆகிவிட்டது. நீ ஓடினாய். ஒரு செருப்பு கழன்று விழுந்தது. அதை எடுக்கக்கூட நிற்கவில்லை. அந்தச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நீ வெளியே வருகிற வரைக்கும் நின்றிருந்தேன். நீ வந்தாய், செருப்பை வாங்கி மாட்டிக்கொண்டாய், "கடைசிப் பகுதியத் தொடவே முடியலீங்க" என்றாய். ஊர் திரும்பியதும், "ரயிலு லேட்டு. தண்டவாளத்துல மாடு படுத்துக்கிச்சு, ஒண்ணில்ல, ஏழு மாடு" என்று நான் தொடங்கினேன். உன் அம்மா உன் முகத்தைப் பார்த்தாள். நீ தலையைக் குனிந்துகொண்டு "ஆமாங்கம்மா" என்றாய். வக்கீலுக்குப் படிக்கப் போகிற பிள்ளையை அன்றைக்கே பொய்ச்சாட்சி சொல்ல வைத்தேன்.

காத்திருப்போர் பட்டியலில் பத்தொன்பதாவது என்று தபால் வந்தது. பட்டியல் முடிந்துவிட்டது என்று பிறகு இன்னொரு தபால். அதற்கப்புறம் பதினோரு நாள் நீ யாரோடும் சரியாகப் பேசவில்லை. சாப்பிட்டாய், துணி துவைத்தாய், மத்தியானம் ஆனால் கிணற்று மேட்டுக்குப் போய்விட்டாய். பரீட்சை முடிவுகள் வருகிற அந்தக் காலத்தில் பேப்பரில் ஒரு மாதிரிச் செய்திகள் வரும். எந்தச் செய்தி என்று உனக்கே தெரியும். எழுத எனக்குக் கை வரவில்லை. பேப்பர் வந்ததும் அந்தப் பக்கத்தை எடுத்து மடித்து என் இடுப்பில் செருகிக்கொள்வேன். நீ கிணற்றுப் பக்கம் நடந்தால் நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வருவேன். நீ மோட்டார் ரூமுக்குள் போய் உட்கார்ந்துகொள்வாய். நான் கிணற்றுக்கும் உனக்கும் நடுவில் உட்கார்ந்து, நன்றாக இருந்த பம்புக் குழாய் ஃபுட் வால்வைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தேன். உன் பெரியம்மா வரப்பிலிருந்தே கத்தினாள்: "ஏனுங், அந்த ஃபுட் வால்வுல என்ன கொழந்தையா பொறந்திருக்குது? தூளி கட்டாத கொறையா அங்கயே காத்துக்கெடக்கறீங்களே!" அந்தப் பதினோரு நாளில் நீ சிரித்தது அந்த ஒரு தடவைதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் கிணறு எழுபதடி. வழக்கமாக நான் நூற்றிருபது என்று சொல்வேன். அன்றைக்கு எழுபதே போதும் என்று தோன்றியது.

பன்னிரண்டாவது நாள் நீ வாயைத் திறந்தாய். "ஒரு வருசம் இருந்து மறுபடி எழுதறனுங்க. பெங்களூர்ல ஒரு டியூட்டோரியல் இருக்குது, ஹாஸ்டலும் சேத்து. அதுக்கு ஃபாரம் வாங்கிட்டேன்" என்றாய். உன் அம்மா, கிடைக்கிற கோயமுத்தூர் காலேஜில் சேர்ந்தால் போதும், வயசுப் பிள்ளை ஒரு வருஷம் சும்மா இருந்தால் ஊர் என்ன பேசும் என்று அழுதாள். நான் நடுவில் புகுந்து, இங்கே சேர்ந்துகொண்டே அதையும் எழுதலாமே என்றேன். "சேந்துட்டா எழுத மாட்டனுங்க பெரியப்பா. என்னைய எனக்குத் தெரியும்" என்றாய். எழுதாமல் விட்டவனை எனக்குத் தெரியும்.

இதை உன் பெரியம்மாவுக்குக்கூட நான் சொன்னதில்லை. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவன், சர்டிபிகேட்டை வெள்ளம் கொண்டுபோய்விட்டது என்றுதான் ஊரில் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பியவன் நான்தான். நான் கணக்கில் தோற்றேன் அம்மணி. செப்டம்பரில் மறுபடி எழுதப் பணம் கட்டி, ஹால் டிக்கெட்டும் வந்தது. மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் பரீட்சை. பஸ் அந்தப் பள்ளிக்கூடத்து வாசலில் நின்றது. என் கால் எழவில்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கி, இன்னொரு பஸ் ஏறி, உக்கடம் வரைக்கும் போய்விட்டேன். பரீட்சை நடந்த மூன்று மணி நேரமும் குளத்து ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் கொய்யா விற்ற கோட்டைமேட்டுப் பாய் ஒருவர் என் கையிலிருந்த பென்சில் டப்பாவைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, பரீச்ச முடிஞ்சுதா?" என்றார். "முடிஞ்சுதுங்க பாய். நூத்துக்கு நூறு வருமுங்க" என்றேன். அவர் சந்தோஷப்பட்டு, "அடேயப்பா! அப்ப இதப் புடி" என்று பெரிய கொய்யாவாக ஒன்றை எடுத்துக் கொடுத்தார். இனிப்பென்றால் அப்படி ஓர் இனிப்பு. பரீட்சை எழுதியிருந்தால் அந்தக் கொய்யா கிடைத்திருக்காது. அன்றைக்குப் பிடித்துக்கொண்ட தொழில்தான் இது.

முதல் தடவை தோற்றால் ஆயிரம் காரணம் சொல்லலாம். வாத்தியார் சரியில்லை, காய்ச்சல், ரயில், மாடு. இரண்டாம் தடவை தோற்றால் மாடு உதவிக்கு வராது. "அட, இவனே இவ்வளவுதான்" என்று முடிந்துபோகும். அந்தப் பயத்தில்தான் நான் உக்கடத்தில் போய் உட்கார்ந்தேன். நீ மறுபடி எழுதப் போகிறேன் என்றதும் அதே பயம் இத்தனை வருஷம் கழித்து எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தது. மறுபடியும் ஒரு தபால், மறுபடியும் பதினோரு நாள், அந்தக் கிணறு.

அந்தச் சமயத்தில்தான் உன் பெரியம்மா, "ஆளுக்கொண்ணு பேசுனா ஆகறதில்ல. அம்மன்கிட்டப் பூ கேட்டுப்போடலாம்" என்றாள். நம் வழக்கம் உனக்குத் தெரிந்ததுதான் என்றாலும், நீ இதை நாளைக்கு யாருக்காவது படித்துக் காட்டும்போது புரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று. தனித்தனியாக வாழை இலையில் மடித்து, நாரால் கட்டி, பார்த்தால் வித்தியாசம் தெரியாத இரண்டு பொட்டலமாக அம்மன் காலடியில் வைக்க வேண்டும். கேட்பவர் ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் வேண்டாம். நாம் கேட்டது, நீ ஒரு வருஷம் இருந்து மறுபடி எழுதலாமா என்று. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, தண்ணீரில் விட்டுவிட வேண்டும். பொட்டலம் கட்டுவது குடும்பத்தில் மூத்த ஆண். அவன் கை தப்புச் செய்யாது என்பதால் வந்த உரிமை அது. கோயிலுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டி மறைவில், இலை இரண்டு, நார் இரண்டு, பூக்கூடை ஒன்று, நான் ஒருத்தன். வெள்ளை அரளியைக் கையில் எடுத்தது நிஜம். எடுத்ததைக் கூடையிலேயே போட்டுவிட்டேன். இரண்டு பொட்டலத்திலும் சிவப்பை வைத்துக் கட்டினேன்.

சொந்தபந்தம் அத்தனை பேரும் சுற்றி நின்றார்கள். பூசாரி, "நீயே எடு அம்மணி. மனசுல நெனச்சுக்கிட்டு எடு" என்றார். நீ கண்ணை மூடி நின்ற நேரம் எனக்கு ஒரு யுகம். இடது பக்கத்துப் பொட்டலத்தைத் தொட்டாய், விட்டாய், வலது பக்கத்தை எடுத்தாய். பிரித்ததும் உன் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நீ அந்தச் சிவப்பு அரளியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலையில் வைத்துக்கொண்டாய். எடுக்காத பொட்டலத்தை வாய்க்காலில் விடுவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டது நான். விடவில்லை. தண்ணீரில் கட்டு அவிழ்ந்து சிவப்பு மிதந்தால் யாராவது பார்த்துவிடுவார்களே என்று மொபெட் பெட்டிக்குள் போட்டு வைத்தேன். இந்தக் கவரைத் திறந்தபோது காய்ந்த இலைப் பொட்டலம் ஒன்று உன் மடியில் விழுந்திருக்குமே, அதுதான் இது. உன் கையாலேயே பிரித்துப் பார். நீ எதை எடுத்திருந்தாலும் உனக்கு "வேண்டாம்" தான் வந்திருக்கும்.

அம்மன் பேசவே இல்லை. பேசியவன் நான்.

அதற்கப்புறம் எனக்கு நிம்மதி இல்லை. ஒரு தோட்டத்தில் தண்ணீர் பார்க்கப் போனேன். தேங்காய் கையில் நிற்காமல் உருண்டு கீழே விழுந்தது. தோட்டக்காரர், "ஏனுங் மாமா, தண்ணியில்லீங்களா?" என்றார். "இருக்குது மாப்ள, இன்னைக்கு அதுக்கு ஒடம்பு சொகமில்ல" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் இந்தக் கடுதாசியை எழுத வைத்தது சாமி பயமில்லை. முந்தாநாள் நிஜமாகவே மோட்டார் ஓடவில்லை. ஃபியூஸ் பார்க்க மோட்டார் ரூமுக்குள் போனேன். பதினோரு நாளும் வாசலில் காவல் இருந்த நான், அந்த ரூமுக்குள் தலையை விட்டுப் பார்த்ததே இல்லை. ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்துச் சுவர் முழுக்கப் பென்சிலால் எழுதியிருந்தாய். எல்லாம் இங்கிலீஷ். கேள்வி, அதற்குக் கீழே பதில், அடித்துத் திருத்தி மறுபடி பதில். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஒவ்வொரு நாள் எழுதியதற்கும் கீழே ஒரு எண் போட்டு வட்டமிட்டிருந்தாய். நாற்பத்திரண்டு. அடுத்து முப்பத்தெட்டு. முப்பத்தைந்து. கடைசியாகக் கதவோரத்தில் இருபத்தாறு. இங்கிலீஷ் தெரியாதவனுக்கும் அந்த எண் புரிந்தது. தொட முடியாமல் போன அந்தக் கடைசிப் பகுதியை நீ நிமிஷம் வைத்துப் போட்டுப் பார்த்திருக்கிறாய். நீ கிணற்றைப் பார்க்க வரவில்லை. வாசலில் ஸ்பேனரை வைத்துக்கொண்டு கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான் ஒருத்தன்தான்.

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டுப் போய் உன் பெரியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். புளி உடைத்துக்கொண்டிருந்தாள். கொட்டையை வீசி எறிவாள் என்று எட்டியே நின்றேன். எறியவில்லை.

"அவ எடுத்தப்ப அவ கையப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல. நான் பூசாரியப் பாத்துட்டு இருந்தேன்."

"நடுங்குச்சுங். நான் பாத்தேன்." இன்னொரு புளியை எடுத்து உடைத்தாள். பிறகு, "சாமி கோவிச்சுக்கிட்டா நான் காலுல உழுந்து சமாதானம் பண்ணிக்குவேன். அம்மணி கோவிச்சுக்கிட்டா நீங்க என்னங் பண்ணுவீங்க?" என்றாள்.

"பயத்துல செஞ்சுபோட்டேன் புள்ள."

"பயந்தீங்க, சரிங். என்னத்துக்குப் பயந்தீங்கன்னு முழுசா எழுதுனீங்களா?"

நாற்பது வருஷம் என்னோடு குடித்தனம் செய்தவள். அவளிடம் நான் விட்ட யானையெல்லாம் தொழுவத்தைத் தாண்டியதில்லை. அதனால் முழுசாக எழுதுகிறேன். கிணற்றுக்குப் பயந்தேன் என்பது உண்மை. நீ இரண்டாம் தடவையும் தோற்றுவிடுவாய் என்று பயந்தேன் என்பதும் உண்மை. இரண்டுக்கும் அடியில் இன்னொன்று கிடந்தது. நீ மறுபடி எழுதி ஜெயித்துவிட்டால், முதல் தடவை ஏன் தோற்றாய் என்று நாலு பேர் கேட்பார்கள். அரை மணி நேரம் ஏன் போயிற்று என்று கேட்பார்கள். நீ தோற்றவளாகவே இருந்தால் ரயிலும் மாடும் பத்திரமாக இருக்கும். நான் பெங்களூர் தெரிந்தவனாகவே இருப்பேன். இதை எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். ஒரு தகப்பன் இப்படியும் பயப்படுவானா என்று எனக்கே என்னைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

புத்தி சொல்லத்தான் பெரியவர்கள் கடுதாசி எழுதுவார்கள். என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். மறுபடியும் பூ கேட்கலாம் என்று உன் அம்மா சொல்வாள், ஒத்துக்கொள்ளாதே. அப்படியே கேட்டாலும் பொட்டலம் கட்ட என்னை விடாதே, நான் இன்னும் பயந்துகொண்டுதான் இருக்கிறேன். கோயமுத்தூர் காலேஜ் ஒன்றும் குறைவானதில்லை. அங்கே படித்தவர்கள் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு பெரிய பெரிய கேசெல்லாம் நடத்துகிறார்கள். அது பிடித்துப் போனால் போ. பெங்களூர்தான் என்றால் அதற்குப் போ, ஒரு வருஷம் உட்கார்ந்து எழுது. தோற்றாலும் தோற்கலாம், நான் ஜெயிப்பாய் என்று சத்தியம் செய்யப் போவதில்லை, என் சத்தியத்துக்கு இப்போது விலையில்லை. ஆனால் "சாமி சொல்லிவிட்டது" என்று மட்டும் எதற்கும் போகாதே. யாரும் சொல்லவில்லை. வருகிற அமாவாசையன்று, பூ கேட்ட அதே இடத்தில், அதே சொந்தபந்தம் முன்னால் இதை நானே படிக்கப் போகிறேன். சபையில் செய்ததைச் சபையில்தான் சொல்ல வேண்டும் என்று உன் பெரியம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். ரயில், மாடு, எஸ்.எஸ்.எல்.சி. எல்லாமும் அதில் வரும். அதற்கு முன்னால் நீ படித்திருக்க வேண்டும்.

இதைத் தபாலில் போட்டால் வெள்ளிக்கிழமைக்குள் வருமோ வராதோ. அதனால் நாளைக்குக் காலை முதல் பஸ்ஸில் நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். அத்தை கையில் கவரைக் கொடுத்து உள்ளே அனுப்பிவிட்டு, வீட்டுக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் உட்கார்ந்திருப்பேன். நீ கூப்பிட்டாலொழிய வாசற்படி ஏற மாட்டேன். டியூட்டோரியல் ஃபாரத்தை நீ உன் டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டுப் போயிருந்தாய்; கசங்கல் நீவி இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். காலேஜ் ஃபாரம் உன்னிடம் இருக்கிறது. இரண்டிலும் கார்டியன் கையெழுத்து என்று ஒரு கோடு காலியாக இருக்கிறது. அவசரமில்லை, சாயங்காலம் வரைக்கும் பஸ் இருக்கிறது. இரண்டில் எது வேண்டுமோ அதை எடுத்துக்கொண்டு வா, போடுகிறேன். என் கையெழுத்தே வேண்டாம் என்று தோன்றினால் உன் அம்மாவிடம் வாங்கிக்கொள், அதற்கும் நான் வாய் திறக்க மாட்டேன்.

வரும்போது ஒன்றே ஒன்று. காகிதத்தை டீக்கடை மேஜைமேல் வைக்கிற வரைக்கும் என் முகத்தைப் பார்க்காதே கண்ணு. "போகாதே" என்று அதில் எழுதியிருக்கும். மறைக்க எவ்வளவோ பார்த்தேன், முடியவில்லை. நீ அதைப் படித்துவிட்டாயானால், பெரியப்பன் பாவம் என்று காகிதத்தை மாற்றிக் கொடுத்துவிடுவாய்.

உன் பெரியப்பன்